வேலையும் வீடும்: முதலாளிகள் என்ன செய்யலாம், நாம் என்ன செய்யலாம்

(குடியரசு நாள் கொடியேற்றத்துக்குப் பிறகு நம் சங்கக் கூடத்தில் நடந்த உறுப்பினர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



வேலைக்குப் போகிறவர்கள் வேலையையும் குடும்பத்தையும் சேர்த்து நடத்த முதலாளிகள் எப்படி உதவலாம் என்று பேசச் சொன்னார் செயலாளர். நான் வங்கியில் எழுத்தராக முப்பத்தாறு வருடம் இருந்து ஓய்வு பெற்றவள். "இதற்கு எச்.ஆர். படித்தவர் யாரையாவது கூப்பிடுங்களேன்" என்று சொல்லிப் பார்த்தேன். "இதுவும் ஒரு கணக்குதானே அம்மா, நீங்களே பேசுங்கள்" என்று சொல்லிவிட்டார். ஆகவே எனக்குத் தெரிந்த கணக்கு மொழியிலேயே பேசுகிறேன்.

நாங்கள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் லெட்ஜர் கையால் எழுதினோம். மாலையில் டே புக் டேலி ஆகாமல் யாரும் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. பத்து பைசா வித்தியாசம் வந்தாலும் தேட வேண்டும். பி.காம். முதல் வருடத்தில் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம், ஒரு பக்கம் வரவு எழுதினால் இன்னொரு பக்கம் பற்று எழுதியே ஆக வேண்டும் என்பது. எங்கும் எழுதாமல் எந்தத் தொகையும் காணாமல் போகாது.

ஒரு கம்பெனியில் ஒருவர் கூடுதலாக இரண்டு மணி நேரம் நின்றால், கம்பெனிக் கணக்கில் அது உற்பத்தியாக ஏறுகிறது. கூலியாகச் செலவும் ஏறுகிறது. அதோடு கணக்கு முடிந்ததாக நினைக்கிறோம். அந்த இரண்டு மணி நேரம் ஒரு வீட்டிலிருந்து எடுத்தது. அங்கே பிள்ளைக்குச் சோறு போட யாரோ வந்தார்கள், அல்லது வரவில்லை. அந்தப் பதிவை எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் காண முடியாது. நம் பூங்காவில் மாலை நான்கு மணிக்குப் போய்ப் பாருங்கள், தெரியும். குழந்தைகளை ஊஞ்சலில் வைத்து ஆட்டுவது பெரும்பாலும் பாட்டிகளும் அவ்வாக்களும் அஜ்ஜிகளும்தான். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்று மொழியிலும் முழங்கால் வலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். ஓசூர் தொழிற்சாலைகளின் எழுதப்படாத செலவுக் கணக்கு அந்தப் பூங்காவில் நடக்கிறது.

இதை யார் மீதும் கோபத்தில் சொல்லவில்லை. தொழிற்சாலைகள் வந்திராவிட்டால் நம்மில் முக்கால்வாசிப் பேர் இங்கே வீடு கட்டியிருக்க மாட்டோம்.

வீட்டையும் சேர்த்து யோசித்த காலம்

1970களில் சிப்காட் வந்தது. 1980ஐ ஒட்டி டி.வி.எஸ். மொபெட்டும் அசோக் லேலண்ட் லாரியும் இங்கே தயாராகத் தொடங்கின. 1984இல் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கின. அப்போது டைட்டன் தமிழ்நாட்டின் பல ஊர்களிலிருந்து பள்ளிப்படிப்பு முடித்த பிள்ளைகளை வேலைக்கு எடுத்தது. வீட்டை விட்டு வந்த அவர்களைத் தங்கவைத்து, பார்த்துக்கொள்ள வளர்ப்புப் பெற்றோர் போலப் பெரியவர்களையும் அமர்த்தியது. பிறகு ஊழியர்களுக்கென ஒரு குடியிருப்பையும் திட்டமிட்டது. அதை வடிவமைத்தவர் சார்லஸ் கொரியா என்ற பெரிய கட்டடக் கலைஞர்.

அதே நிறுவனத்தோடு மைராடா என்ற தொண்டு நிறுவனம் சேர்ந்து, 1990களில் நம் சுற்றுக் கிராமத்துப் பெண்களுக்கு மெடோ என்ற அமைப்பை உருவாக்கியது. கடிகாரப் பட்டைகளைக் கோர்ப்பது போன்ற வேலைகளைப் பெண்கள் தாங்களே நடத்தும் அமைப்பில் செய்தார்கள். வேலையை அவர்கள் இருக்கும் பக்கம் கொண்டுபோக முடியும் என்று அது காட்டியது.

பழம்பெருமை பேச இதைச் சொல்லவில்லை. தொழிலாளிக்கு வீடு என்று ஒன்று உண்டு, அதையும் சேர்த்துத்தான் திட்டம் போட வேண்டும் என்ற எண்ணம் இந்த ஊருக்குப் புதிதில்லை என்று நினைவூட்டவே சொல்கிறேன். நம் கூட்டத்திலேயே சிறு பட்டறை நடத்துகிறவர்கள் இருக்கிறீர்கள், பெரிய கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறவர்கள் இருக்கிறீர்கள், எச்.ஆர். மேலாளர்களும் இருக்கிறீர்கள். உங்களுக்கு மூன்று யோசனைகள் சொல்லிவிட்டு, கடைசியில் நம் சங்கத்துக்கே ஒரு யோசனை வைக்கப்போகிறேன். அதற்குள் யாரும் லட்டு வாங்கிக்கொண்டு கிளம்பிவிட வேண்டாம்.

முதல் யோசனை: நேரத்தை முன்கூட்டிச் சொல்லுங்கள்

வேலைக்குப் போகிறவருக்கு முதலாளி செய்யக்கூடிய பெரிய உதவி எது என்று கேட்டால், சம்பள உயர்வு என்போம், விடுமுறை என்போம். இரண்டும் வேண்டும். ஆனால் குடும்பம் நடத்துகிறவர்களிடம் கேட்டால் இன்னொன்று சொல்வார்கள். "எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவேன் என்று எனக்குத் தெரிந்தால் போதும்."

எங்கள் வங்கியில் செப்டம்பர் 30 அரையாண்டுக் கணக்கு முடிப்பு, மார்ச் 31 ஆண்டுக் கணக்கு முடிப்பு. அந்த நாட்களில் இரவு பத்து, பதினொன்று ஆகும். ஒரு மேலாளர் இருந்தார். செப்டம்பர் முதல் வாரத்திலேயே யார் யார் எந்த இரவு தங்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுவார். மாற்றிக்கொள்ள விரும்புகிறவர்கள் ஒரு வாரத்துக்குள் தங்களுக்குள் பேசி மாற்றிக்கொள்ளலாம். கைக்குழந்தைக்காரி ஒருத்தி இருந்தால் அவள் பெயர் பகல் பட்டியலில் போய்விடும். அதற்குப் பதில் அவள் அக்டோபரில் இன்னொருவர் வேலையைப் பார்ப்பாள். நாங்கள் வேலை செய்த மணி நேரம் குறையவில்லை. ஆனால் ஊரிலிருந்து மாமியாரை வரவழைக்க எங்களுக்கு மூன்று வாரம் இருந்தது. அந்தத் தாளுக்கு அவருக்கு ஆன செலவு ஒரு ரூபாய்கூட இருக்காது.

இன்று நம் தெருவில் நான் கேட்பது வேறு. ஏ ஷிப்ட் காலை ஆறிலிருந்து இரண்டு. ஒன்றே முக்காலுக்கு சூப்பர்வைசர் வந்து, "இன்னிக்கு ஓ.டி. இருக்கு, பஸ் ஆறு மணிக்குத்தான்" என்கிறார். ஷாப் ஃப்ளோரில் செல்போன் கிடையாது. மூன்றரை மணிக்குப் பள்ளி வாசலில் பிள்ளை நிற்கும். பக்கத்து வீட்டுக்குச் சொல்லியனுப்பக்கூட வழியில்லை. ஓ.டி.க்கு இரட்டைக் கூலி வந்துவிடும். ஆனால் பள்ளி வாசலில் நிற்கும் பிள்ளைக்கு அது பதிலாகாது.

சட்டமும் இதை வெறும் பணக் கணக்காக மட்டும் பார்க்கவில்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. வேலை நேரத்தை முன்கூட்டியே எழுதி ஆலையில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்ட வேண்டும் என்றும் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. அவற்றிலும் வாரம் 48 மணி நேரம்தான், கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலிதான். அதோடு, கூடுதல் நேரம் வேலை வாங்கத் தொழிலாளியின் சம்மதம் வேண்டும் என்று எழுதியிருக்கிறது. பெண்களை இரவு ஷிப்டில் வைக்கவும் அவர்கள் சம்மதம் வேண்டும், பாதுகாப்பு ஏற்பாடும் வேண்டும். கம்பெனி பஸ்ஸை ஆறு மணிக்கு மாற்றிவிட்டு, "இருக்கிறாயா, போகிறாயா?" என்று கேட்பது சம்மதம் கேட்பதாகுமா என்று நீங்களே சொல்லுங்கள்.

நேரத்துக்கான வழக்கு பழையது. 1918 ஏப்ரலில் சென்னையில் பி.பி. வாடியாவின் தலைமையில் மெட்ராஸ் லேபர் யூனியன் தொடங்கியது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். பின்னி ஆலைத் தொழிலாளர்கள் அப்போது முன்வைத்த குறைகளில் ஒன்று, மதியம் சாப்பிடக் கொடுக்கும் நேரம் போதவில்லை என்பது. 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றத்தில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடம் தரும் திருத்தம் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பி, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டதும் உங்களுக்கு நினைவிருக்கும். வாரத்தில் மூன்று நாள் விடுமுறை கிடைக்கலாமே என்று அப்போது சிலர் சொன்னார்கள். பிள்ளை தினமும் பசிக்கிறது என்கிறது, வாரத்துக்கு மூன்று நாள் மட்டும் சொல்வதில்லை.

ஆகவே முதலாளி நண்பர்களுக்கு என் வேண்டுகோள் நான்கு. அடுத்த மாத ஷிப்ட் பட்டியலைப் பதினைந்து நாள் முன்னதாக ஒட்டுங்கள். ஓ.டி. வேண்டியிருக்கும் என்று தெரிந்தால் முந்தைய நாளே சொல்லுங்கள், விருப்பமுள்ளவர்கள் பட்டியலிலிருந்து முறைவைத்து எடுங்கள். இரண்டு பேர் ஒப்புக்கொண்டால் ஷிப்ட் மாற்றிக்கொள்ள அனுமதியுங்கள். ஷாப் ஃப்ளோரில் செல்போன் கூடாது என்பது பாதுகாப்புக்காக, அது சரி. ஆனால் வீட்டிலிருந்து அவசரமாக அழைக்க ஓர் எண்ணும், அந்தச் செய்தியை இடத்தில் போய்ச் சொல்ல ஓர் ஆளும் இருக்கட்டும். இந்த நான்குக்கும் இயந்திரம் வாங்க வேண்டியதில்லை, வங்கியில் கடன் கேட்க வேண்டியதில்லை.

இரண்டாவது யோசனை: சேர்ந்து ஒரு குழந்தைகள் காப்பகம்

குழந்தைகள் காப்பகம் என்றால் பட்டறைக்காரர்கள், "அதெல்லாம் பெரிய கம்பெனிக்கு" என்பார்கள். பழைய தொழிற்சாலைச் சட்டப்படி முப்பதுக்கு மேல் பெண்கள் வேலை செய்தால்தான் காப்பகம் வைக்க வேண்டும். நல்ல எண்ணத்தில் எழுதிய விதிதான். ஆனால் பெண்களின் எண்ணிக்கையைக் கம்மியாக வைத்துக்கொண்டால் காப்பகம் வைக்காமல் தப்பலாம் என்று யாராவது கணக்குப் போட அதில் இடம் இருந்தது. 2017இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோது இதை மாற்றினார்கள். ஆண், பெண் சேர்த்து ஐம்பது ஊழியர் இருந்தாலே காப்பகம் வேண்டும். தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை குழந்தையைப் போய்ப் பார்க்கலாம். அதே திருத்தத்தில்தான் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமானது, முதல் இரண்டு குழந்தைகளுக்கு.

இப்போது வந்திருக்கும் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த ஐம்பது பேர் விதி தொடர்கிறது. அதில் சிறு தொழில்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒரு வரி இருக்கிறது. பல நிறுவனங்கள் பணம் போட்டுச் சேர்ந்து ஒரு பொதுக் காப்பகம் வைத்துக்கொள்ளலாம். அரசு, நகராட்சி, தொண்டு நிறுவனம் நடத்தும் காப்பகத்தையும் பயன்படுத்திக்கொள்ளலாம். சிப்காட்டில் ஒரே தெருவில் அறுபது பேர், எண்பது பேர் வேலை செய்யும் பட்டறைகள் வரிசையாக இருக்கின்றன. ஆறு பட்டறைகள் சேர்ந்தால் ஒரு நல்ல காப்பகம் நடத்தலாம். ஓசூரில் சிறு தொழில்களுக்குச் சங்கம் இருக்கிறது. அந்தச் சங்கக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வைக்க நம் உறுப்பினர்களில் யாராவது முன்வர வேண்டும்.

செலவைப் பற்றியும் ஒரு விஷயம். "கல்யாணமான பெண்ணை எடுத்தால் ஆறு மாதம் சும்மா சம்பளம் தர வேண்டும்" என்று ஒரு பேச்சு இருக்கிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் இ.எஸ்.ஐ.யில் வருகிறார்கள். முதலாளி 3.25 சதவீதம், தொழிலாளி 0.75 சதவீதம் கட்டுகிறார்கள். அந்தப் பெண்ணுக்கு மகப்பேறு காலத்தில் கொடுக்கும் பணம் இ.எஸ்.ஐ.யிலிருந்து வருகிறது, முதலாளி கையிலிருந்து இல்லை. நீங்கள் மாதாமாதம் கட்டிய காப்பீட்டின் பயன் அது. நம் பக்கத்துப் பட்டறைகளில் வேலை செய்யும் பெரும்பாலான பெண்கள் இந்த வரம்புக்குள்தான் வருவார்கள்.

மூன்றாவது யோசனை: எல்லைக்கோட்டைக் கொஞ்சம் பாருங்கள்

இது நம் ஊருக்கே உரிய சிக்கல். வீடு தமிழ்நாட்டில், வேலை அத்திப்பள்ளியிலோ பொம்மசந்திராவிலோ ஜிகினியிலோ எலக்ட்ரானிக் சிட்டியிலோ. பிள்ளைகள் படிப்பது தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில். இங்கே காலாண்டுத் தேர்வு முடிந்து செப்டம்பர் கடைசியில் விடுமுறை. அங்கே தசராவுக்கு விடுமுறை. இங்கே மாட்டுப்பொங்கலன்று எல்லாம் மூடியிருக்கும். அங்கே சங்கராந்தி ஒரு நாள், மறுநாள் காலை பஸ் பிடிக்க வேண்டும். நவம்பர் 1 ராஜ்யோத்சவத்துக்கு அங்கே விடுமுறை, வீட்டில் பிள்ளை பள்ளிக்குப் போயிருப்பான், அப்பா மட்டும் வீட்டில் உட்கார்ந்திருப்பார்.

பஸ் விஷயமும் இப்படித்தான். நம் அரசின் மகளிர் இலவசப் பயணம் நம் டவுன் பஸ்களோடு முடிகிறது. கர்நாடகத்தின் சக்தி திட்டம் அந்த மாநிலத்தில் வசிக்கும் பெண்களுக்கு. ஜூஜூவாடியைத் தாண்டி வேலைக்குப் போகும் நம் பெண்ணுக்குப் பயணச் செலவும் கூடுதல், நெரிசலில் போகும் நேரமும் கூடுதல்.

இரண்டு அரசுகளின் நாட்காட்டியை எந்த முதலாளியும் ஒன்றாக்க முடியாது. ஆனால் விழா விடுமுறைகளில் ஒன்றிரண்டைத் தொழிலாளியே தேர்ந்தெடுத்துக்கொள்ள விடலாம். ராஜ்யோத்சவத்தன்று வேலை பார்க்கத் தயாராக இருப்பவருக்கு மாட்டுப்பொங்கல் கொடுக்கலாம். உகாதி வேண்டியவருக்கு உகாதி. ஒடிசாவிலிருந்து வந்திருக்கும் பிள்ளைக்கு அவன் ஊர்ப் பண்டிகை. மார்ச்சில் நம் சந்திர சூடேஸ்வரர் தேரோட்டத்துக்கு ஊரே திரளும்போது, எல்லையைத் தாண்டி வேலை செய்கிறவர் மாலை ஐந்து மணிக்கு வந்து பூட்டிய கடைகளைப் பார்ப்பது என்ன நியாயம்?

சுலபமான வழி, சரியில்லாத வழி

பெண்களுக்கு வேலை தருவதில் நம் மாவட்டம் பெயர் வாங்கிவிட்டது. 2021இல் போச்சம்பள்ளியில் ஓலா ஆலையை முழுக்கப் பெண்களே நடத்துவார்கள் என்று அறிவித்தார்கள். தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம் பக்கம் மின்னணு ஆலையில் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் வேலை செய்கிறார்கள். ஜார்க்கண்ட், ஒடிசாவிலிருந்தும் வந்திருக்கிறார்கள். பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. நான் வங்கியில் சேர்ந்தபோது எங்கள் கிளையில் நானும் இன்னொருத்தியும்தான்.

என் கேள்வி ஒன்றே ஒன்று. இன்று இருபது வயதில் விடுதியில் தங்கி வேலை செய்யும் பெண்ணுக்கு ஐந்து வருடத்தில் கல்யாணம் ஆகும், ஏழு வருடத்தில் ஒரு குழந்தை இருக்கும். அன்றைக்கும் அவள் இந்த ஊரில் வேலையில் இருப்பாளா? விடுதி தனியாக இருப்பவருக்குச் சரி. குடும்பமாக இருப்பவருக்கு வாடகை வீடு வேண்டும், பள்ளி வேண்டும், காப்பகம் வேண்டும். அதைத் திட்டமிடாவிட்டால் அவள் வேலையை விட்டுப் போவாள், அவள் இடத்தில் இன்னொரு இருபது வயதுப் பெண் வருவாள். ஐந்து வருடம் கற்ற கைத்திறன் ரயில் ஏறிப் போய்விடும்.

குடும்பச் சுமையே இல்லாதவர்களாகப் பார்த்து எடுத்துவிட்டால் இந்தச் சிக்கலே இல்லை என்று நினைப்பவர்களும் உண்டு. ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பூட்டும் வேலைக்குக் கல்யாணமான பெண்களை ஒதுக்குகிறார்கள் என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் எழுதியது. மத்திய அரசு உடனே விளக்கம் கேட்டது. வேலைக்கு எடுப்பதில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்று 1976ஆம் ஆண்டே சட்டம் இருப்பதை அப்போது சுட்டிக்காட்டினார்கள். அந்த ஓர் ஆலையை மட்டும் நான் பேசவில்லை. வேலைக்கு நேர்முகம் போகும் நம் வீட்டுப் பெண்ணிடம், "கல்யாணம் ஆயிடுச்சா, குழந்தை இருக்கா?" என்று கேட்பது எத்தனை இடத்தில் நடக்கிறது? அவள் அண்ணனிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அண்ணனைப் பற்றியும் சொல்ல வேண்டும். குழந்தை பிறந்தால் மத்திய அரசு ஊழியரான ஆணுக்கு 15 நாள் விடுப்பு உண்டு. பொதுத்துறை வங்கிகளிலும் உண்டு. தனியார் ஆலையில் வேலை செய்யும் தகப்பனுக்குச் சட்டப்படி ஒரு நாளும் கிடையாது. பிரசவ வார்டுக்கு வெளியே நிற்கும் பையன் சம்பளம் பிடித்தால் பிடிக்கட்டும் என்று வந்து நிற்கிறான். சட்டம் வரட்டும் என்று காத்திருக்காமல் ஒரு வாரம் கொடுக்க எந்த முதலாளியையும் யாரும் தடுக்கப் போவதில்லை. பெண்களுக்கு மட்டும் சலுகை கொடுத்துக்கொண்டே போனால், பிள்ளை வளர்ப்பது பெண் வேலை என்று கம்பெனியே எழுதிக்கொடுத்தது போலாகிவிடும்.

நம் சங்கமும் ஒரு முதலாளி

இப்போது நான் சொன்ன நான்காவது யோசனை. இதுவரை முதலாளி, முதலாளி என்று வேறு யாரையோ சொல்வது போலப் பேசினேன். நம் சங்கத்துக்காக இரண்டு காவலர்கள் வேலை செய்கிறார்கள். ஏஜென்சி மூலம் வந்தாலும், அவர்கள் வேலை நேரத்தை முடிவு செய்வது நாம்தான். காலை எட்டிலிருந்து இரவு எட்டு ஒருவர், இரவு எட்டிலிருந்து காலை எட்டு இன்னொருவர். பன்னிரண்டு மணி நேரம். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்பது பேச்சளவில். ஒருவர் லீவு எடுத்தால் மற்றவர் இருபத்து நான்கு மணி நேரம் நிற்கிறார்.

இரவுக் காவலரின் மகள் இந்த வருடம் பத்தாம் வகுப்பு. அவர் வீடு போய்ச் சேர்வதற்குள் அவள் பள்ளிக்குப் போய்விடுகிறாள். அவர் மாலை ஆறரைக்குக் கிளம்பும்போது அவள் ட்யூஷனில் இருக்கிறாள். ஒரே வீட்டில் இருக்கும் அப்பாவும் மகளும் செல்போனில்தான் பேசிக்கொள்கிறார்கள். நம் பிள்ளைகள் கம்பெனியில் படும் பாட்டை இவ்வளவு நேரம் பேசினோம். அதே பாடு நம் கேட்டிலும் இருக்கிறது.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன், பொருளாளர் சரிபார்க்கட்டும். இப்போது ஒரு காவலருக்கு ஏஜென்சிக்கு மாதம் 20,000 ரூபாய் வீதம் 40,000 ரூபாய் தருகிறோம். எட்டு மணி நேரமாக மூன்று ஷிப்ட் வைத்தால் வாரத்துக்கு 21 ஷிப்ட். ஒருவர் ஆறு நாள் வந்தால் மூன்றரை ஆள் வேண்டும். மூன்று முழுநேரம், ஒருவர் பாதி நேரம். ஆளுக்கு அதே 20,000 வீதம் 70,000 ரூபாய். கூடுதல் 30,000. நம்மிடம் 150 வீடுகள். ஒரு வீட்டுக்கு மாதம் 200 ரூபாய் கூடும்.

"காவலர்களே பன்னிரண்டு மணி நேரத்தைத்தானே கேட்கிறார்கள்" என்று ஒரு கேள்வி வரும். நானும் இருவரிடமும் பேசிப் பார்த்தேன். அவர்கள் கேட்பது சம்பளத்தை. நேரத்தைக் குறைத்தால் சம்பளமும் குறையும் என்ற பயத்தில் அப்படிச் சொல்கிறார்கள். ஆகவேதான் சம்பளத்தைக் குறைக்காமல் கணக்குப் போட்டேன். குறைத்தால் இது உதவி ஆகாது. பிடித்தம் போக அவர்கள் கைக்கு வரும் தொகை குறையக்கூடாது என்று ஏஜென்சியிடம் எழுத்தில் வாங்க வேண்டும். "இரவு பத்து மணிக்கோ காலை ஆறு மணிக்கோ ஷிப்ட் மாறினால் அவர்களுக்கு பஸ் இருக்குமா?" என்ற கேள்வியும் நியாயம். நேரத்தை நாமே முடிவு செய்யாமல் அவர்களிடம் கேட்டு வைக்கலாம்.

200 ரூபாய் சிலருக்குப் பெரிதில்லை, சிலருக்குப் பெரிது. ஓய்வூதியத்தில் வாழ்கிறவர்கள் நம்மில் பலர், அதில் நானும் ஒருத்தி. மாத்திரைச் செலவு எனக்கும் தெரியும். முடியாதவர்கள் தயங்காமல் செயலாளரிடம் சொல்லலாம், வேறு வழி பார்ப்போம். இன்னொன்றும் இருக்கிறது. பத்தாவது மணி நேரத்தில் கண் சொக்கும் காவலர் நம்மைக் காப்பதாக நினைத்துக்கொண்டு நாம் தூங்குகிறோம். விழித்திருக்கும் காவலருக்குத்தான் நாம் காசு தர நினைக்கிறோம்.

வீட்டு வேலைக்கு வரும் பெண்களுக்கும் இதே கணக்குதான். விருந்தாளி வருகிறார்கள் என்றால் முந்தின நாளே சொல்லுங்கள். மாதம் நான்கு நாள் சம்பளத்தோடு லீவு என்று முதலிலேயே பேசிவிடுங்கள். பண்டிகையன்று அவள் வீட்டிலும் பண்டிகை. நம் வீட்டு இலையைக் கழுவிவிட்டு அவள் தன் வீட்டில் பொங்கல் பானை வைக்க மாலையாகக் கூடாது.

காவலர் நேரம் பற்றிய தீர்மானத்தை ஏப்ரல் பொதுக்குழுவில் வைக்கும்படி செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதற்குள் மூன்று மாதம் இருக்கிறது. என் கணக்கில் தப்பு இருந்தால் திருத்துங்கள். இதைவிடக் குறைந்த செலவில் வழி இருந்தால் கொண்டுவாருங்கள். எதிர்ப்பு இருந்தால் வாட்ஸ்அப் குழுவில் எழுதாமல் கூட்டத்துக்கு வந்து சொல்லுங்கள், முகம் பார்த்துப் பேசினால் நல்லது. தொழிற்சாலை வைத்திருக்கும் நண்பர்கள் பிப்ரவரி மாத ஷிப்ட் பட்டியலை எப்போது ஒட்டினீர்கள் என்று அந்தக் கூட்டத்தில் நான் கேட்பேன்.

குழந்தைகளே, லட்டு இப்போது கொடுப்பார்கள். முதலில் கேட்டில் நிற்கும் காவலருக்கு இரண்டு கொண்டுபோய்க் கொடுங்கள்.